விலகு என்ற பொத்தான்

மூன்று வருஷத்தில் நாலு வீடு மாறியாயிற்று. ஐந்தாவதாக அந்தப் பழைய குடியிருப்பின் மூன்றாம் மாடியில், முப்பத்திரண்டாம் எண் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோதே அவள் முடிவுகட்டிவிட்டாள். இனி பெட்டி கட்டுகிற பேச்சே கிடையாது. மகள் குட்டிமாவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் மாறி மாறி, சிநேகிதி என்று ஒருத்தி பேரைக்கூடச் சொல்லத் தெரியாமல் வளர்ந்திருந்தது குழந்தை.

வீடு என்னவோ விசாலம்தான். ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்தாற்போல ஒரு வாடை மட்டும் சுவரிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

அக்கம்பக்கத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. படியில் எதிரே வந்தால் எந்த வீடு என்று கேட்பார்கள். சொன்னதும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிடுவார்கள்.

அவளுக்குத் தொழில் இணையதளம் கட்டுவது. குடியிருப்போர் சங்கத்துக்கும் ஒரு தளம் இருந்தது. தண்ணீர் வராது, லிஃப்ட் ஓடாது என்கிற அறிவிப்புகளைத் தவிர அங்கே ஈ காக்காய் கிடையாது. சங்கச் செயலாளரிடம் அவளே போய்ப் பேசினாள்.

“எல்லாரும் எழுதற மாதிரி ஒரு சுவர், அரட்டைக்கு ஒரு இடம், பிள்ளைங்களுக்கு ஒரு குழு. நான் போட்டுத் தரேன் சார். வாயாலதான் பேச மாட்டேங்கறாங்க, விரலாலயாவது பேசட்டும்.”

“போடுங்கம்மா,” என்றார் அவர், அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வேலை முடிந்தது. பேர் வேண்டாம், கதவு எண்ணே அடையாளம் என்று வைத்திருந்தாள். பிடிக்காதவர்கள் குழுவிலிருந்து வெளியேற ஒரு பொத்தான் வைத்து, அதன்மேல் ‘விலகு’ என்று எழுதியிருந்தாள். தளத்தைத் திறந்து மற்ற வீடுகளையெல்லாம் சேர்த்துவிட்டு, கடைசியாகத் தன் வீட்டைச் சேர்க்கப் போனாள்.

‘முப்பத்திரண்டு ஏற்கெனவே சேர்ந்துள்ளது’ என்றது திரை.

சுவரில் முதல் பதிவும் விழுந்திருந்தது. எழுதியது முப்பத்திரண்டு.

விலகு.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பொத்தானில் கிடக்கவேண்டிய எழுத்து சுவருக்குத் தாவிவிட்டது, இந்தத் தொழிலில் தினமும் நடக்கிற கூத்து. நிரலை வரிவரியாகப் பார்த்தாள். பிழை ஒன்றும் இல்லை. பதிவை அழித்தாள்.

விலகு.

மறுபடி அழித்தாள்.

வீட்டை விட்டு விலகு.

பொத்தானுக்கு இத்தனை சொற்களை அவள் கொடுக்கவே இல்லை.

ஈரவாடை கனத்துத் தொண்டைக்குள் இறங்கியது. அந்தப் பதிவுக்குக் கீழே ஒவ்வொன்றாக லைக் விழ ஆரம்பித்தது. முதல் மாடி, இரண்டாம் மாடி, எதிர்வீடு. ஒரு கதவு பாக்கியில்லை.

செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“எத்தனை பேரைத் துரத்தியிருக்கு சார், இந்த வீட்ல இருக்கறது?”

அவர் கிசுகிசுத்தார்.

“ஆறு குடும்பம்மா. நேர்ல சொல்ல வாய் வரல. அதான் எல்லாரும் லைக் போட்டோம். பிள்ளைய வெச்சிருக்கீங்க, போயிடுங்க.”

பயம் இருந்தது. பொய் சொல்வானேன். ஆனால் பயத்தைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. புருஷன் வீட்டார் சொன்னார்கள், விலகினாள். வீட்டுக்காரர்கள் சொன்னார்கள், விலகினாள். இப்போது உடம்புகூட இல்லாத ஒன்றும் சொல்லக் கிளம்பிவிட்டதா? இது எந்த ஊர் நியாயம்? தளத்துச் சுவரில் தட்டித் தட்டி எழுதினாள்.

‘மாட்டேன். உன்னால ஆனதைப் பார்த்துக்கோ. என் பிள்ளைக்கு ஒரு வீடு வேணும், அது இதுதான். தனியா இருக்க முடியலன்னா நீயும் எங்களோட இரு. போன்னு மட்டும் சொல்லாத.’

மின்விசிறி தானாக நின்றது.

ஒரு லைக் வந்தது.

போட்டது முப்பத்திரண்டு.

உள்ளறையிலிருந்து குட்டிமாவின் குரல் கேட்டது. “அம்மா, சித்தி எனக்குத் தலை பின்னி விடறாங்க.”

அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

எப்படி எழுந்தாள், எப்படி ஓடினாள் என்று தெரியவில்லை. உள்ளறை வாசலிலேயே கால் நின்றுவிட்டது. தரையில் குழந்தை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. பின்னால் யாரும் இல்லை. கூந்தல் மூன்றாகப் பிரிந்து காற்றில் நின்றது. சீப்பு உச்சியிலிருந்து கீழே இறங்கியது.

“வலிக்குதாடி?” என்று அவள் மகளைக் கேட்டாள்.

“லேசா.”

கதவுநிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தவில்லை.

“சிக்கு எடுக்கணும்னா நுனியிலேருந்து எடுக்கணும். என் வீட்ல பிள்ளைக்கு வலிக்கக் கூடாது.”

சீப்பு நின்றது.

பிறகு மெல்லக் கீழே இறங்கி, நுனியிலிருந்து வார ஆரம்பித்தது.