டிக்கிக்குள் இருந்தவர்கள்

லொறிக்குப் பின்னால் சங்கிலியில் இழுபட்டு அந்த வெள்ளைக் கார் உக்குவளைக் கராஜுக்கு வந்து சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மாத்தளைப் பொலிஸ் வளவில் நடந்த ஏலத்தில் கராஜின் சொந்தக்காரன் முத்துவீரன் அதை எடுத்திருந்தான். மரத்தில் மோதி முன்பக்கம் நசுங்கிய, உரிமை கோர ஆளில்லாத வண்டி. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. திருத்தி விற்றால் வீட்டுக் கூரையை மாற்றிவிடலாம் என்று நினைத்தான்.

பெயின்ட் அடிக்கும் லாபிர் காரைச் சுற்றி வந்து டிக்கிப் பக்கம் நின்றான்.

"தகரம் உள்ளேருந்து வெளிய பொடச்சிருக்கு, பாத்தீங்களா? இத எடுத்திருக்கவே கூடாது."

"ஏதாச்சும் சாமான் உருண்டிருக்கும்" என்றான் முத்துவீரன். அவன் சொன்னதை அவனே நம்பவில்லை. எண்பத்தொன்பது கலவரத்தில் ஆட்களைப் பிடித்துப்போக இப்படிப்பட்ட கார்கள் இலக்கத்தகடு இல்லாமல் மாத்தளைத் தெருக்களில் ஓடின. அவன் மனைவி காத்தாயியின் தம்பி லெட்சுமணனை, வேலை செய்த கடை வாசலிலேயே வைத்து, அப்படியொரு கார்தான் ஏற்றிப்போனது. இரண்டு வருடங்களாக அவள் ஏறி இறங்காத பொலிஸ் நிலையம் இல்லை.

வேறொரு காரின் முன்பக்கத்தை வெட்டியெடுத்துப் பற்றவைத்தான். டிக்கி மூடியைத் தட்டிச் சமமாக்கினான். மறுநாள் காலையில் மேடுகள் அதே இடங்களில் எழுந்திருந்தன. மறுபடி தட்டினான். மறுபடி எழுந்தன.

துருப்பிடித்த அடித்தகரத்தை வெட்டியபோது அதற்குக் கீழே ஒரு பல்லும் வேரோடு பிடுங்கிய தலைமயிரும் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியும் மழை பெய்தால் டிக்கியிலிருந்து இரத்தவாடை கிளம்பியது.

சாவியை மட்டும் திருப்பினால் கார் கிளம்பவில்லை. ஓட்டுநர் ஆசனத்துக்கு அடியில் யாரோ இரகசியமாக ஒரு ஸ்விட்ச் வைத்திருந்தார்கள். எல்லா வயரையும் பிரித்துப் பார்த்த பிறகே முத்துவீரனின் கையில் அது அகப்பட்டது.

நீல நிறம் பூசிய காரைப் பார்க்க நல்லையா வந்தார். தம்புள்ளைக்கு மரக்கறி லொறி விடும் முதலாளி. நெற்றியில் திருநீறு, சிரித்த முகம்.

"ரிவர்ஸ்டன் மலை ஏத்தத்துல இழுக்குதான்னு பாத்திருவோம் தம்பி."

சாவியை வாங்கி நல்லையா ஓட்டுநர் ஆசனத்தில் உட்கார, முத்துவீரன் பக்கத்தில் ஏறினான். ஸ்விட்சைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தான். அதற்குள் நல்லையாவின் கை, குனிந்து பார்க்காமலே, ஆசனத்துக்கு அடியில் போய் அதைத் தட்டியது.

எஞ்சின் உறுமியது.

நல்லையாவின் கை அங்கேயே நின்றது. சிரிப்பு மெல்ல அடங்கியது.

"முந்தி வெள்ளையா இருந்திச்சா இது?"

முத்துவீரன் கதவைத் திறக்கப் போனான். கார் பாய்ந்து வீதிக்கு வந்துவிட்டது. ரத்தோட்டை கடந்தது. வளைவுகளில் தேயிலைச் சரிவுகள் பனிமூட்டத்துக்குள் மறைந்தன.

"ஒங்க வீட்டுல யாராச்சும் காணாமப் போயிருக்காங்களா?"

"மச்சினன். லெட்சுமணன்."

நல்லையா தலையசைத்தார். அந்தப் பெயர் அவருக்குப் புதிதல்ல.

பள்ளத்தின் ஓரத்தில் காரை நிறுத்தினார். ஆசனத்துக்குப் பின்னாலிருந்த ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து, முத்துவீரனைச் சட்டையோடு பிடித்து வெளியே இழுத்தார். கம்பி தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

"டிக்கியத் தொறந்து உள்ள ஏறு."

நல்லையா எறிந்த சாவியை இடது கையால் டிக்கிப் பூட்டில் போட்டுத் திருப்பினான். மூடி எழுந்தது. உள்ளே யாருமில்லை. இருட்டும் அந்த வாடையும் மட்டும்.

நல்லையா அவனை உள்ளே தள்ளக் கம்பியை ஓங்கினார்.

உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது.

பிறகு இன்னொன்று. பிறகு எண்ணமுடியாத கைகள், நகம் பிய்ந்தவை, மணிக்கட்டில் கம்பித் தழும்போடு. அவை முத்துவீரனைத் தொடவில்லை. நல்லையாவின் கழுத்தை, வாயை, மயிரைப் பிடித்தன. ஒரே இழுப்பில் ஆள் உள்ளே போனார்.

மூடி விழுந்தது.

அடி விழும் சத்தம் கேட்டது. ஈரமான, நிதானமான அடிகள். கார் குலுங்கியது. தகரம் உள்ளேயிருந்து புடைத்தது.

"தொறந்து விடு தம்பி. கும்பிடுறேன், தொறந்து விடு."

சாவி பூட்டிலேயே இருந்தது. முத்துவீரனின் கை தானாகவே அதைத் தொட்டது.

மூடிக்கு மறுபக்கம், மிக அருகில், வேறொரு குரல் முணுமுணுத்தது.

"தொறக்காதீங்க மச்சான்."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

சத்தம் ஓய்ந்ததும் மூடி தானாகத் திறந்தது. நல்லையா மட்டும் கிடந்தார். கைகள் பின்னால் கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

நல்லையாவின் பழைய கூட்டாளிகள் யாரோ வழிமறித்துக் கொன்றதாகப் பொலிஸ் எழுதிக்கொண்டது. முத்துவீரனின் முறிந்த தோளைப் பார்த்து அவனை விட்டுவிட்டார்கள். கார் மறுபடி பொலிஸ் வளவுக்கே போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீட்டுக்கு வந்த மாலை, காத்தாயி வாசலுக்கு ஓடிவந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவன் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

"ஏங்க, தம்பி வந்திருக்கான் போல. பின்னால கால் கழுவுற சத்தம் கேட்டிச்சு."

அவன் பின்பக்கம் போனான். தண்ணீர்ப் பீப்பாய் பாதி காலியாகியிருந்தது. சீமெந்துத் தரையில் வெறுங்கால் தடங்கள், சிவப்புக் கலந்த ஈரத்தில். பெரிய கால்கள், சிறிய கால்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, இடமில்லாமல்.

எல்லாம் வீட்டுக்குள் போயிருந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

அடுப்படியில் காத்தாயி தம்பிக்குச் சோறு போட ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஒரு தட்டுப் போதாது என்று அவளிடம் எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.