தோணியில் நின்ற ஆள்

அந்த ஆள் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டார். இந்த முறையும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"நான் சொன்னனே!" ஆர்த்திகா கம்சாயினியின் காதுக்குள் கிசுகிசுத்தாள். "முகத்தக் காட்டாத ஆக்கள நம்ப ஒண்ணாது."

ஆர்த்திகா பக்கத்து வீட்டுக்காரி. எல்லார்மீதும் அவளுக்குச் சந்தேகம்தான். ஐஸ்பழக்காரரையே ஒருமுறை ஒளிந்து ஒளிந்து பின்தொடர்ந்தவள். ஆனால் இந்த ஆளைக் கண்டதும் கம்சாயினியும் ஒதுங்கித்தான் நின்றாள்.

முகத்துவாரத்தில், கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் கம்சாயினியின் அம்மா சர்மிலா மேசை போட்டுப் படம் விற்றார். எல்லாம் பள்ளிக் கொப்பி அளவுப் படங்கள். கல்லடிப் பாலம், பாசிக்குடாக் கடல், வெளிச்சவீடு, வாவியில் தோணி. நாட்டில் நடந்த சண்டை முடிந்து ஒரு வருடமாகியிருந்தது. தூர ஊர்களிலிருந்து பஸ்ஸில் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள்.

அம்மா வரையப் பழகியது சுனாமி முகாமில். பிள்ளைகள் வரைந்து விளையாடட்டும் என்று யாரோ அக்ரிலிக் நிறங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிள்ளைகள் அதை மூஞ்சியில் பூசிக்கொண்டு ஓட, அம்மாதான் தூரிகையைப் பிடித்தார். முதலில் வரைந்தது ஒரு தோணி. அதில் சவள் என்னும் துடுப்பைப் பிடித்து நிற்கும் ஓர் ஆள்.

அது அப்பா. சுனாமி கொண்டுபோன அப்பா. அன்றிலிருந்து அப்பா இல்லாத தோணியை அம்மா வரைந்ததே இல்லை. அது யாரென்று வெளியாருக்குச் சொன்னதும் இல்லை.

ஹெல்மெட்காரர் தோணிப் படமொன்றைத் தூக்கிக் கண்ணருகே பிடித்தார்.

"இதில நிக்கிற ஆள் ஆரு?"

அம்மாவின் முகம் இறுகியது. சண்டைக்காலத்தில் ஆள் யார், எங்கே என்று விசாரித்துப் பிடித்துக்கொண்டு போனவர்களை ஊர் நிறையப் பார்த்திருந்தது. சண்டை ஓய்ந்தும் அந்தப் பயம் ஓயவில்லை.

"சும்மா ஒரு ஆள்," என்றார் அம்மா.

"இந்த ஆள் இல்லாமத் தோணி கிடைக்குமா?"

"இல்ல."

அவர் போகவில்லை. படங்களை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு பக்கமாக அடுக்கத் தொடங்கினார். ஒன்றை வலப்பக்கம் வைத்தார். திரும்ப எடுத்து உற்றுப் பார்த்துவிட்டு இடப்பக்கம் போட்டார்.

அம்மா எழும்பினார். "நாங்க கடையக் கட்டப் போறம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

"இனி இங்க வாறல்ல. படமும் வேணாம், ஒண்டும் வேணாம்," என்றார் அம்மா.

கம்சாயினிக்கு அழுகை வந்தது. படம் வரையும்போது மட்டும்தான் அம்மா வாய்க்குள் பாடுவார். வரையாவிட்டால் அந்தப் பாட்டும் நின்றுவிடும்.

மேசையில் இரண்டு அடுக்குகளும் அப்படியே கிடந்தன.

"ரகசிய அடையாளம் வச்சிட்டுப் போயிருக்கார்," என்றாள் ஆர்த்திகா.

கம்சாயினி இடப்பக்கத்துப் படங்களைப் புரட்டினாள். தோணிக்காரர். கொக்கு. ஆடு. அடியில் ஒரு வெளிச்சவீடு. வலப்பக்கத்திலும் வெளிச்சவீடு இருந்தது. ஒன்று மட்டும் ஏன் இந்தப் பக்கம் வந்தது?

அவளும் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். வெளிச்சவீட்டின் உச்சியில், புள்ளி போல ஒரு காகம்!

வலப்பக்கத்துப் படங்களில் பாலம் இருந்தது, தென்னை இருந்தது. மனிதரோ பறவையோ ஆடுமாடோ ஒன்றும் இல்லை.

பாடசாலைச் சட்டை தைக்கக் கொடுக்கப் போன வீடு அவளுக்கு நினைவு வந்தது. அந்த வீட்டு ஸஹீதா காட்டிய தொழுகை அறையில் மலைப் படமும் பூப் படமும் தொங்கின. "உசிருள்ளதுகள்ற படம் இங்க வைக்கமாட்டம்," என்று ஸஹீதா சொல்லியிருந்தாள்.

"ஆர்த்திகா, அவர் ஆளத் தேடல்ல. ஆளில்லாத படத்தத் தேடுறார்!"

ஆர்த்திகாவுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அப்பாவை எடுத்துவிடுங்கள் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கம்சாயினிக்கே அது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தானே ஓர் அட்டையை எடுத்து உட்கார்ந்தாள்.

முதலில் வாவி. பிறகு கரையில் கம்பில் கட்டிய தோணி. அதற்குள் குறுக்கே கிடத்திய சவள். கடைசியாக ஈரமணலில் காலடிகள், கரையிலிருந்து ஒரு வீட்டு வாசல்வரை.

பின்னால் அம்மா வந்து நின்றார்.

"அப்பா எங்க?"

"நான் அவர எடுக்கல்லம்மா. மீனையும் கொண்டு ஊட்டுக்கு வந்திட்டார். காலடியப் பாருங்களன்."

அம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மா அவள் கையிலிருந்த தூரிகையை வாங்கி, காலடிகள்மேல் மணல் நிறத்தைப் பூசி மறைத்தார். அக்ரிலிக் விரைவில் காய்ந்துவிடும். காய்ந்ததும் அதே இடத்தில் காலடிகளைப் புதிதாக வைக்கத் தொடங்கினார்.

"அவருக்கு இடது கால் கொஞ்சம் வெளியால திரும்பும், மகள்," என்றார் அம்மா. "அப்ப நீ சின்னப் பிள்ள, மறந்திருப்பாய்."

அடுத்த ஞாயிறு அம்மா மேசை போட்டார். அந்த ஆளும் வந்தார், ஹெல்மெட்டோடுதான். அவர் வாய் திறக்குமுன் கம்சாயினி படத்தை நீட்டினாள்.

"தொழுற அறைக்கா மாமா?"

அவர் திகைத்துப் போனார். அவசர அவசரமாக ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே வெள்ளைத் தொப்பி இருந்தது.

"ஓம் மகள், ஓம்! என்ட பேர் உசனார். ஊர் காத்தான்குடி. இந்த ஹெல்மெட்டுட பட்டிக் கொளுக்கி உடைஞ்சு போச்சு, ஊட்டில கயித்தால கட்டி உடுறாங்க. கழட்டினா தனியா மறுகா மாட்ட ஏலாது, அதான்..." என்று வெட்கத்தோடு சிரித்தார். "சுனாமிக்குப் பொறகு என்ட பொஞ்சாதி தண்ணிப் பக்கமே வாறல்ல. அதான் இந்த வாவியப் படமா ஊட்டுக்குக் கொண்டு போவம் எண்டு பாத்தன். சொல்லத் தெரியாம உங்களப் பயப்படுத்திப் போட்டன்."

படத்தை வாங்கிப் பார்த்தவர், எல்லாத் தோணியிலும் ஆளைப் பார்த்த பழக்கத்தில் கேட்டுவிட்டார்:

"தோணிக்காரர் எங்க?"

ஆர்த்திகா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் என்ட மனிசன்," என்றார் அம்மா. "மீன் கொண்டு ஊட்டுக்கு வந்திருக்கார்."

உசனார் காலடிகளைப் பார்த்தார். அம்மாவின் கண்களைப் பார்த்தார்.

"அப்ப தோணிய நான் கவனமாப் பாத்துக்கிறன், தங்கச்சி," என்றார்.

ஒரு கையால் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு அவர் மெல்ல மெல்ல ஓட்டிப் போனார்.

"ஒரு கையால ஓட்டுறவர நம்பலாமா?" என்று ஆர்த்திகா கேட்டாள்.

அம்மா அடுத்த தோணிக்கு நீலம் குழைத்துக்கொண்டிருந்தார், வாய்க்குள் பாடியபடியே.