ஈயக் கதவுக்கு உள்ளே

தையல்காரி அந்த அறைக்கு வந்தபோது வெளியே நல்ல வெயில். உள்ளே ஜன்னல் கிடையாது. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஈயத் தகடு வைத்த கனமான கதவு.

தைராய்டு புற்றுநோய்க்குக் கழுத்தில் ஆபரேஷன் முடிந்திருந்தது. மிச்சத்தை அழிக்கக் கதிரியக்க அயோடின் மாத்திரை. விழுங்கிய பிறகு சில நாள் யாரும் நெருங்கக் கூடாது.

அந்த வார்டின் நர்ஸ் அவள் கூடப்பிறந்த தங்கை.

“வயித்துல குழந்தை இருந்தா இதக் குடுக்கக் கூடாதாமே?”

“அதுக்கும் டெஸ்ட் பாத்தாச்சுக்கா. நான் இருக்கும்போது உனக்கென்ன பயம்?”

மாத்திரைக் குப்பியை மேஜையில் வைத்துவிட்டுத் தங்கை கதவைச் சாத்தினாள்.

தையல்காரி குப்பியைத் திறக்கப் போனாள். குளியலறையில் தண்ணீர் சொட்டியது. ஈர இரும்பின் வாடை அடித்தது.

குளியலறை வாசலில் ஒருத்தி நின்றாள். நோயாளி உடை. நனைந்த தலை.

“முழுங்காதீங்க.”

“யாரு நீங்க?”

“எனக்கும் டெஸ்ட் எடுத்தாச்சுன்னுதான் உங்க தங்கச்சி சொன்னா. எடுக்கவே இல்ல. குழந்தை தங்கல. நானும் தங்கல.”

ஐஸ் போன்ற கை ஒன்று தையல்காரியின் வயிற்றில் பட்டது.

அவள் அலறியபோது அங்கே யாரும் இல்லை.

சுவரிலிருந்த ஸ்பீக்கரில் தங்கையின் குரல் பதறியது. “என்னக்கா ஆச்சு?”

“எனக்கு டெஸ்ட் எடுத்தியா இல்லையா?”

தையல்காரி ஸ்பீக்கரை ஓங்கித் தட்டினாள்.

“சொல்லுடி!”

“இத்தன வருஷமா நிக்காத கரு இப்பவா நிக்கப் போகுதுன்னு... விட்டுட்டேன்.”

“முன்னாடி ஒருத்திக்கும் இப்படித்தான் விட்டியா?”

“அது டாக்டருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உனக்கு யாருக்கா சொன்னது?”

உடனே டெஸ்ட் எடுத்தார்கள். கர்ப்பம்தான். ஏங்கி ஏங்கிக் கிடைத்த அந்தச் சேதியைக் கேட்டு அவளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

“ஆபரேஷன் பண்ணவர் தழும்போட விட்டாரு. நம்ப வெச்சுக் கழுத்தறுத்தது நீதான்டி.”

மாத்திரையை விழுங்காமலே வெளியே வந்தவளை டெக்னீஷியன் கதிர்வீச்சு அளக்கும் கருவியால் சோதித்தார். ஒரு சத்தமும் இல்லை. சுவரோரம் அழுதுகொண்டிருந்த தங்கையின் பக்கம் திருப்பியதும் கருவி படபடவென்று அடித்துக்கொண்டது.

“எதையாவது தொட்டீங்களா சிஸ்டர்?”

“இல்லையே!”

அவள் பயந்துபோய் நடைபாதையின் கோடிக்கு ஓடினாள். டெக்னீஷியன் பின்னாலேயே போய் மறுபடி பார்த்தார்.

அவள் உடம்பில் எதுவும் இல்லை.

சத்தம் வந்தது அவள் தோளை ஒட்டிய வெறும் காற்றிலிருந்து.