மூன்றாவது துளை

சர்வர் அறைப் பெட்டியில், கம்பியே செருகாத மூன்றாவது துளையில் பச்சை விளக்கு எரிந்தது. நமுகோலோ குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். வெறும் துளைதான். விளக்கு மட்டும் நிதானமாக, யாரோ உள்ளே மூச்சு விடுவதுபோல மினுக்கிக்கொண்டிருந்தது.

அலுவலகத்துக்கு வரும் மெயில், போகும் மெயில் எல்லாவற்றையும் சலித்து, சந்தேகப்பட்டதைப் பிடித்து வைக்கும் பெட்டி அது. அதைப் பராமரித்து வந்தவன் சியாங்கா. போன சனிக்கிழமை கரண்ட் போனது. இந்த அறையின் மின்பூட்டு இறுகிக்கொண்டது, அவன் உள்ளே. தடித்த சுவர், காற்றும் இல்லை, போனில் சிக்னலும் கிடையாது. திங்கள் காலையில் பிணமாகத்தான் வெளியே எடுத்தார்கள். இன்று அடக்கம். லுசாகா ஆபீஸ் மொத்தமும் பஸ் ஏறிப் போய்விட்டது.

"பெட்டிக்குள்ள அவன் நுழையுற வழியெல்லாம் அடைச்சுட்டு அப்புறமா வாம்மா. செத்தவன் பேர்ல எவனாவது நுழைஞ்சா என் தலைதான் உருளும்" என்றிருந்தார் மேலாளர் சிதுந்து.

"முதல்ல அந்தப் பூட்டை மாத்துங்க பாஸ்."

"அதான் செங்கல் வச்சிருக்கோமே!"

ஒரு உயிருக்கு ஒரு செங்கல். பல்லைக் கடித்துக்கொண்டு, திறந்த கதவுக்கு அந்தச் செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, தன் மடிக்கணினியின் கம்பியைப் பெட்டியின் முதல் துளையில் செருகி உட்கார்ந்தாள். சியாங்கா பயன்படுத்திய மூன்றாவது துளை வழியே நுழையும் அனுமதிகளை ஒவ்வொன்றாக நீக்கி உறுதி செய்தாள். திரை அப்படியே உறைந்தது. ச்சே! துளை மாறிவிட்டது. தான் உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டியிருந்தாள். அடைபட்டது அவள் நுழைந்திருந்த முதல் துளை.

இனி உள்ளே போக ஒரே வழிதான். கம்பியைப் பிடுங்கி மூன்றாவதில் செருகினாள்.

திரையில் வந்தது: 'வருக, சியாங்கா.'

அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

கரண்ட் போனது. ஏசியின் இரைச்சல் அடங்கியது. பேட்டரியில் பெட்டி மட்டும் முனகியது. சுட்ட தூசியின் வாசனை, அதனடியில் பழைய வியர்வையின் வாசனை. பின்னால், தரையில் எதுவோ உரசி நகர்ந்தது.

டக்.

கதவு.

இழுத்தாள். உதைத்தாள். கத்தினாள். கேட்க யாருமில்லை, எல்லோரும் குழியைச் சுற்றி நின்று பாடிக்கொண்டிருப்பார்கள்.

ஓடிவந்து எல்லோருக்கும் மெயில் தட்டினாள்: 'அவசரம். உடனே கதவைத் திறங்க.'

போகவில்லை. பெட்டி பிடித்து வைத்துக்கொண்டது. 'அவசரம்', 'உடனே': மோசடிக்காரர்களின் சொற்களாம். பிடிபட்டவற்றின் வரிசையில் அவளுடையது கடைசி. அதற்கு மேலே நாற்பதுக்கும் அதிகமாக, எல்லாம் அதே வார்த்தைகள், எல்லாம் சனிக்கிழமை, எல்லாம் சியாங்கா. ஒன்றைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை. பாவிகள்.

பிடிபட்ட மெயிலை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினாள். அழுத்தினாள். 'அனுமதி இல்லை.'

கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். விளக்கு அணையவில்லை. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'நானும் இதைத்தான் அனுப்பினேன்.'

மெல்லத் திரும்பினாள். மூடிய கதவின் உள்பக்கம், பச்சை வெளிச்சத்தில், செங்கல். அதன்மேல் இரண்டு வெறுங்கால்கள்.