அழுததாக எழுதப்பட்ட பிள்ளை

வலது உள்ளங்கை காலையிலிருந்தே குத்திக் குத்தி வலித்தது. குழி வெட்டுகிறவனுக்குக் கைவலி புதிதில்லை. ஆரோக்கியமுத்து கிணறு வெட்டிக் கை காய்த்தவன். கல்லறைத் தோட்டத்து வேலைக்கு வந்த பிறகும் அந்தக் காய்ப்பு இளகவில்லை. ஆனால் காய்த்த கை வேர்க்காது. குருசடிமேட்டுக் கிணறுகளெல்லாம் அடிப்பாறை தெரியக் கிடந்த அந்தச் சித்திரையில், அவனுடைய வலது கை மட்டும் நசநசவென்று ஈரமாக இருந்தது. வேட்டியில் துடைத்தான். மறுபடி ஊறியது. மோந்து பார்த்தான். பச்சைப்பிள்ளை கக்கிய பால், துணியில் கிடந்து புளித்த வாடை.

கஞ்சி ஊற்ற வந்த பெண்சாதி ஞானசெல்வி முகத்தைச் சுளித்து, எதைத் தொட்டுத் தொலைத்தீர்கள் என்று கேட்டாள். மண்ணை அள்ளித் தேய்த்தான். மண் குழைந்து கையில் அப்பியது. கஞ்சி ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

நண்பகலுக்கு மேல் பங்குச் சாமியார் ஆள் விட்டார். கொச்சிக்காரர்கள் வந்திருக்கிறார்களாம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்தவர்கள்தான். சாலமோன் கொச்சி யூதர். புதுக்கோட்டையில் குடியிருந்து, கட்டுமாவடிப் படகுகளுக்குக் கயிறு விற்றவர். பெண்சாதி எஸ்தரோடும் எட்டு மாதப் பிள்ளையோடும் பஸ்ஸில் போகையில், பிள்ளைக்கு வாந்தியும் கழிச்சலும் கண்டு குருசடிமேட்டில் இறங்கினார்கள். கோயில் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். பிரசங்கத்தில் மட்டுமே கேட்டிருந்த யூதரை நேரில் பார்க்க ஊரே திரண்டு வந்து, நம்மைப் போலத்தானே இருக்கிறார்கள் என்று ஏமாந்து திரும்பியது. சாலமோன் வைத்தியரைத் தேடி ஓடினார். எஸ்தர் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். தண்ணீர் கொண்டுவந்த ஆரோக்கியமுத்து தனியாக நின்றான்.

சாகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அது அவனுக்குத் தெரியும். உள்ளங்கையில் நீரை அள்ளிப் பிள்ளையின் தலையில் ஊற்றி, பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் பேராலே என்று சொல்லி முடித்தான். முடித்த பிறகுதான் பார்த்தான். நீர் வழிந்து திறந்த கண்ணில் தேங்கி நின்றது. இமை அசையவில்லை. தொட்டால் மரக்கட்டை.

பிள்ளைக்கு உயிர் இருந்தது என்று சாமியாரிடம் ஓடிச் சொன்னான்.

அவ்வளவுதான். இசாக்கு என்று தாய் கூப்பிட்ட பிள்ளை, ஞானஸ்நானப் புத்தகத்தில் இன்னாசி ஆனது. தகப்பன் கும்பிட்டும் கத்தியும் கேட்டார், பிள்ளையைக் கொடுக்கவில்லை. அது கல்லறைத் தோட்டத்துக்குள் போயிற்று. ஒரு யூதப் பிள்ளையை மோட்சத்துக்கு அனுப்பியவன் என்று ஆயர் அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். வெட்டுகிற கிணற்று மேட்டிலேயே படுத்துக் கிடந்தவனுக்குக் குழிவெட்டி வேலையும், தோட்டத்தை ஒட்டி ஓட்டு வீடும் கிடைத்தன.

சாமியார் பங்களாவில் ஞானஸ்நானப் புத்தகம் திறந்து கிடந்தது. ஏடுகளுக்குள்ளிருந்து வெள்ளிப்பூச்சிகள் ஓடின. எஸ்தர் மடியில் வெள்ளைத்துணி விரித்த ஒரு தகரப் பெட்டி. அவர்கள் சனமெல்லாம் கப்பலேறி இஸ்ரவேலுக்குப் போகிறதாம். அதற்கு முன்னால் பிள்ளையின் எலும்பை எடுத்துக் கொச்சியில் தங்கள் முன்னோரோடு புதைக்க வேண்டும் என்று சாலமோன் மனு எழுதியிருந்தார். சாட்சியை மறுபடி விசாரிக்கும்படி ஆயர் பதில் போட்டிருந்தார்.

சாமியார் புதியவர். குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"இங்க பாரு. அப்பவே செத்திருந்தா நீ ஊத்துனது வெறுந்தண்ணி. இவங்க எடுத்துக்கிட்டுப் போகட்டும். உசுரு இருந்திருந்தா அது திருச்சபைப் பிள்ளை, தீர்வை நாள் மட்டும் இங்கதான் கெடக்கணும். பயப்படாமச் சொல்லு."

எஸ்தர் குறுக்கிட்டாள். பிள்ளை பஸ்ஸிலேயே போய்விட்டது, நடுக்காட்டில் இறக்கி விட்டுவிடுவார்கள் என்று இவரிடம்கூடச் சொல்லாமல் மாரோடு அணைத்து வைத்திருந்தேன், புதைத்த அன்றைக்கே சொன்னேன், யாரும் கேட்கவில்லை என்றாள். தண்ணீர் ஊற்றியவன் சொல்தான் புத்தகத்தில் ஏறும் என்றார் சாமியார்.

ஆரோக்கியமுத்து ஓட்டு வீட்டை நினைத்தான். பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? "உசுரு இருந்துச்சு சாமி" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். எஸ்தர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து ஒன்றைக் கூட்டினான்.

"தண்ணி பட்டதும் வீல்னு அழுதுச்சு."

சாமியார் அதையும் ஓரத்தில் எழுதிக் கைநாட்டு வைக்கச் சொன்னார். அவன் பெருவிரலை மையில் அமுக்கித் தாளில் வைத்தான். எடுத்தபோது மை ஒட்டவில்லை. திரிந்த பாலாக வெள்ளை வெள்ளையாய் ஒரு ரேகை. சாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டார்.

சாலமோன் வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு மணி பஸ்ஸுக்கு நடந்தார். வாசற்படியில் எஸ்தர் அவனருகே நின்றாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"செத்த பிள்ளையை அழ வெச்சது நீங்க. நீங்களே அமர்த்துங்க."

வீட்டுக்குப் போகக் கல்லறைத் தோட்டத்தைக் கடக்க வேண்டும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காய்ந்த எருக்கஞ்செடிகளுக்கு அப்பால், சிலுவைகளின் நிழல் நீண்டு கிடந்த மூலையிலிருந்து ஒரு முனகல் வந்தது. பூனை என்று நினைத்தான். நின்றான். அதுவும் நின்றது. கால் எடுத்து வைத்தான். மூச்சை இழுத்துக்கொண்டு, விக்கி, வீலென்று கிளம்பியது.

சுவருக்கு அங்கிட்டு ஞானசெல்வியின் குரல்: "யார் வீட்டுப் பிள்ளை அழுகுதுங்க?"

அவளுக்கும் கேட்கிறது. இன்னும் சற்று நேரத்தில் ஊருக்கே கேட்கும். பஸ் வர நேரம் இருந்தது. தோண்டி எடுத்து ஓடிப்போய்ப் பெட்டியில் வைத்துவிட்டால் போதும், வீடு போனால் போகட்டும், இந்தச் சத்தம் போனால் சரி என்று சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தான். பிடி வழுக்கியது. இரண்டடி கரம்பை மண், பொருக்குப் பொருக்காக, புழுதியாக வந்தது. மூன்றாவது அடியில் சொதசொதவென்று ஈரம். சுற்றி நாலு ஊரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத சித்திரையில் ஈரம். வெள்ளையாக. கொழகொழவென்று. அந்த வாடை குப்பென்று ஏறித் தொண்டையில் ஒட்டியது. காலையில் குடித்த ஒரு வாய்க் கஞ்சியைக் குழிக்குள்ளேயே கக்கினான். கக்கியதும் அதே வாடைதான்.

மண்டியிட்டுக் கையால் தோண்டினான்.

துணி.

எலும்பு இல்லை. சதை. மெத்தென்று. அன்றைக்குப் பார்த்த அதே முகம்.

திறந்த கண். கண்ணில் தேங்கிய நீர்.

இமை மூடித் திறந்தது.

வாய் பிளந்து அலறியது. உள்ளே மண்ணும் பாலும். வாயைப் பொத்த வலது கையை வைத்தான்.

அழுகை நின்றது.

ஈறு கவ்வியது. உறிஞ்சியது. பல் இல்லாத, குளிர்ந்த, வழவழத்த ஈறு. கையை இழுத்தான். அலறல். வைத்தான். உறிஞ்சல். இடக்கையால் தூக்கப் பார்த்தான், சேறு விடவில்லை.

ரோட்டில் ஹாரன் கேட்டது. பஸ் நின்றது. கிளம்பியது. சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது.

ஞானசெல்வி சுவரோரம் வந்து, பிள்ளை தூங்கிவிட்டதா என்று கேட்டாள். அவன் குழிக்குள் குந்தியிருந்தான். சப்புச் சப்பென்று அந்தச் சத்தம் மட்டும். உள்ளங்கைத் தோல் ஊறிக் கழன்று அந்த வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

கொச்சிக்கார எஸ்தருக்கு அவன் ஒரு பிள்ளை பாக்கி. இன்னும் கொடுக்கவில்லை.