மிளகின் மணல் பெட்டி

மிளகுக்கு மணலைப் பறிக்கத் தெரியும், தட்டிவிடத் தெரியாது. கீரிப்பிள்ளைகளின் வழக்கமே அதுதான். முன்னங்கால்களால் நாலு பக்கமும் வாரி இறைக்கும், வந்த வேலையை முடிக்கும், எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால், புதுப் பெட்டியின் மூடியைக் காலையில் திறந்து பார்த்த மெட்டில்டா டீச்சர், கையில் கரண்டியோடு கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றுவிட்டாள். மணல் முழுவதும் பெட்டியின் நடுவில் நீளவாக்கில் குவிந்திருந்தது. குவியலின் இரண்டு சரிவுகளும், யாரோ உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கியது போல வழவழவென்று இருந்தன.

மழைக்காலத்து ஈரம், தானாக இறுகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். தனியாக இருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களேதான் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டும். வேறு யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

அறுபத்தேழாம் வருஷத்து அஸ்தினாபுரத்தில் வீடுகளைவிட முள்ளும் பனையும்தான் அதிகம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மழைத் தண்ணீர் குட்டையாக நிற்கும், தவளைகள் விடிய விடியக் கத்தும், அந்தக் கத்தலுக்கு அப்பால் குரோம்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரயில் நின்று கிளம்புவது காற்று இந்தப் பக்கம் அடித்தால் மட்டும் கேட்கும். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்த அவள் கணவர் எட்மண்ட், ஊரை விட்டு ஒதுங்கி இருக்கலாமே என்று ஆசைப்பட்டு இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தார். பிடித்த கையோடு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. ஒதுங்கி இருப்பது மட்டும் மெட்டில்டாவுக்கு மிஞ்சியது.

குளியலறையில் ஒருநாள் பாம்பு வந்தது. வீட்டுக்காரர் பொன்னுரங்கம் வயலில் பிடித்த கீரிக்குட்டி ஒன்றைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். உப்பும் மிளகுமாகக் கலந்த நிறம். பாம்புக்காக வந்தது, கடைசியில் டீச்சரின் சேலை மடிப்புக்குள் சுருண்டு தூங்கும் செல்லமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் யார் அடி வாங்கினார்கள், ஹெட்மிஸ்ட்ரஸ் என்ன சொன்னாள் என்று சாயந்தரம் முழுவதும் அதனிடம் பேசுவாள். அது தலையைச் சாய்த்துக் கேட்கும். அந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்க வேறு காது கிடையாது.

இப்போது அதற்கும் ஆபத்து வந்திருந்தது. வீட்டுக்காரர் மனைவி கங்கையம்மாள் ஒருநாள் உள்ளே வந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வூட்ட நல்லாத்தான் வெச்சினு கீறீங்க டீச்சரம்மா. ஆனா நாத்தம் கொடலப் பொறட்டுது. அத்த இட்டுனு போயி ஏரிக்கரையில வுட்டுடுங்க."

"நான் ஒரு வழி பண்றேன் அக்கா. கொஞ்சம் டைம் குடுங்க."

"இன்னா வழி? அதுக்குன்னு கக்கூசா கட்டப் போறீங்க?"

"கட்டத்தான் போறேன்," என்றாள் மெட்டில்டா.

சொன்னபடியே கட்டினாள். மிளகை அடைத்து வைப்பது எட்மண்ட் இருக்கும்போது கோழிக்கென்று அடித்த கம்பி வலைக் கூண்டில். மிளகு எப்போதும் அதன் பின்பக்க மூலை ஒன்றில்தான் அசிங்கம் பண்ணும். வேறு இடத்தில் காலைக்கூடத் தூக்காது. அந்த மூலையில் வலையை வெட்டி, வெளியே ஒரு தேயிலைப் பெட்டியைச் சேர்த்து ஆணி அடித்தாள். பலகையில் ஈரம் ஊறாமலிருக்க உள்ளே டின் தகடு வைத்தாள். மிளகு நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துவாரம், மணல் கூண்டுக்குள் சிந்தாமலிருக்க அதன் கீழே ஒரு தடுப்பு, மேலே கீல் வைத்த மூடி. திறந்து அள்ளிக் கொட்டிவிட்டு மூடிவிடலாம். பெட்டி ஒரு சாண் ஆழம்தான். எட்மண்டின் ரம்பத்தைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை கொப்பளித்தது. ஆனாலும் அந்த இரண்டு நாளும் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

மணல்தான் கிடைக்கவில்லை. சாம்பலைப் போட்டுப் பார்த்தாள். மிளகு வீடு முழுக்கச் சாம்பல் காலால் கோலம் போட்டது. மழையில் மணல் வண்டிகள் வரவில்லை. தெருவெல்லாம் சேறு.

அந்த வாரம்தான் கல்லறைத் திருநாள் வந்தது. கோயில் கல்லறையில் அவரவர் சொந்தக்காரர் மண்மேட்டின் மேல் புதுமணல் பரப்பி, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கோயிலில் இறக்கியிருந்த மணலில் ஆளுக்கொரு மூட்டை. அதில் மிச்சமாவதை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லறை எதிலாவது கொட்டி, கையால் தட்டிவிட்டு, ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டுப் போவார்கள். எட்மண்டின் கல்லறைக்குப் பக்கத்தில், சுவரோரம், அப்படி ஒன்று உண்டு. சிலுவை இல்லை, பெயர் இல்லை. குட்டை மேடு. பச்சைப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் மெட்டில்டா தன் மிச்ச மணலை அதன் மேல்தான் கொட்டித் தட்டிவிடுவாள். அவளைத் தவிர வேறு யாரும் அதற்கு வந்து அவள் பார்த்ததில்லை.

இந்த வருஷம் அரை மூட்டை மிஞ்சியது. மூட்டையின் வாயை மறுபடியும் கட்டினாள். மணல்தானே என்று நினைத்தாள். ஆனால் கேட் வரைக்கும் சுவர்ப் பக்கம் திரும்பாமலே நடந்தாள்.

அந்த மணல்தான் இப்போது பெட்டியில் குவிந்திருந்தது.

கரண்டியால் கலைத்துச் சமப்படுத்தினாள். புது இடம் பழகட்டும் என்று மிளகின் பழைய எச்சத்தில் கொஞ்சம் எடுத்து மணலில் வைத்தாள். மிளகு அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூண்டின் முன்பக்கத்தில் வலையோடு ஒட்டிக்கொண்டு, ரோமம் சிலிர்க்க, துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையிலும் மணல் குவிந்திருந்தது. முந்தின நாளைவிட ஒழுங்காக. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை இரண்டாம் முறை எழுதிக் காட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

வாசனையும் மாறியிருந்தது. கீரி நாற்றம் இல்லை. அணைத்த மெழுகுவர்த்தியின் திரி வாசனை, இரண்டு நாள் மழையில் நனைந்த சாமந்தி, அதற்கடியில் ஆழத்து மண்ணின் குளிர்ந்த வாடை. ஜன்னலைத் திறந்தால் போகவில்லை. சாம்பிராணி போட்டால் போகவில்லை. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் அங்கேயும் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கங்கையம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள்.

"டீச்சரம்மா! ஊர்லேர்ந்து யாரு வந்துகீறாங்க?"

"யாரும் வரலையே அக்கா."

"கொயந்த ஒண்ணு வந்துகீதுன்னு நெனச்சேன். நீங்க ஸ்கூலுக்குப் பூட்டப்புறம் உள்ள டப்பு டப்புன்னு தட்டினே கீது. நேத்தெல்லாம் ஓயல."

"மிளகுதான்," என்றாள் மெட்டில்டா. தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

பயம் இப்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது; இனி ஈரம், இறுக்கம் என்று பூசி மெழுகிப் பயனில்லை. மணலைக் கொண்டுபோய் உரிய இடத்தில் கொட்டிவிட வேண்டியதுதான். ஆனால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ரோடு எது பள்ளம் எது என்று தெரியவில்லை. நாளைக்குப் பூசைக்குப் போகும்போது எடுத்துப்போகலாம் என்று முடிவு செய்தாள். அதுவரைக்கும் மிளகைக் கூண்டிலிருந்து வெளியே விடத்தான் நினைத்தாள். ஆனால் கங்கையம்மாள் நெல் மூட்டையை நனையாமல் வைக்க இடம் கேட்டு ஆட்களோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். மிளகு கால்களுக்கு நடுவே ஓடினால் அதைத் துரத்த அதுவே சாக்காகிவிடும். கூண்டுக் கதவின் கொண்டியைப் போட்டுவிட்டு, எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனாள்.

திரும்பும்போது இருட்ட ஆரம்பித்திருந்தது. கரண்ட் இல்லை. ஆட்கள் வந்த சுவடே இல்லை. சேலையின் கீழ்ப்பாதி சேற்றில் ஊறிக் கனத்தது. ஓட்டிலிருந்து வழிந்த தண்ணீர் வாசல் வாளியில் விழுந்து விழுந்து ஒரே சுருதியில் ஒலித்தது. அரிக்கேன் விளக்கை ஏற்றித் திரியைக் குறைத்தபோது மண்ணெண்ணெய்ப் புகையையும் மீறி அந்தச் சாமந்தி வாடை முகத்தில் அடித்தது. மழைச் சத்தத்துக்குள் வேறு ஒரு சத்தம் இருந்தது.

டப். டப். டப்.

மெதுவாக. பொறுமையாக. உள் அறையிலிருந்து.

விளக்கோடு போனாள். கூண்டுக் கதவில் கொண்டி போட்டபடியே இருந்தது. மிளகைக் காணவில்லை. சத்தம் பெட்டியிலிருந்துதான் வந்தது. மிளகு மணலுக்கு அடியில் இருக்கிறது. வேறு எங்கே இருக்கும்? அதன் மேல்தான் தட்டுகிறார்கள். யார் என்று நினைக்க அவளுக்கு நேரமில்லை. மூடியை இழுத்தாள். மழை ஈரத்தில் பலகை ஊதி இறுகியிருந்தது. நகம் உடைந்தது. மூடி அசையவில்லை.

அது செத்துவிட்டால் இந்த வீட்டில் நான் மட்டும்தான். அந்த ஒரு நினைப்புத்தான் அவளைத் தள்ளியது.

கொண்டியை எடுத்தாள். விளக்கைத் தரையில் வைத்துவிட்டு மண்டியிட்டு, கூண்டுக்குள் தோள் வரை நுழைந்து, துவாரத்தில் வலது கையை விட்டாள். மணல். ஈர மணல். விரல்களால் பறித்தாள். மணிக்கட்டு உள்ளே போனது. ஒரு சாண் ஆழம்தான். டின் தகடு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை. இன்னும் பறித்தாள். முழங்கை போனது. மணல் குளிர்ந்துகொண்டே வந்தது.

பிறகு மெத்தென்று ஏதோ பட்டது.

சின்னது. நனைந்து சில்லிட்டிருந்தது. அசைவில்லை. கைக்குள் அதைப் பொத்திக்கொண்டு தேய்த்தாள், சூடு வரட்டும் என்று தேய்த்தாள். "ஐயோ, மிளகு... கண்ணு... வாடா... என் தங்கமே, வந்துடுடா..."

அது லேசாக அசைந்தது.

"வா கண்ணு. அம்மாகிட்ட வா."

தன்னை அம்மா என்று அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மிளகுக்குக்கூட அவள் டீச்சர்தான்.

தட்டும் சத்தம் நின்றது.

மழை மட்டும். வாளியில் விழும் தண்ணீர் மட்டும். அப்புறம், பின்னால், உயரத்தில், ஒரு சீறல்.

கழுத்தை மட்டும் திருப்பினாள். விளக்கு வெளிச்சம் அலமாரியின் உச்சி வரைக்கும் எட்டியது. அங்கே மிளகு இருந்தது. ரோமம் சிலிர்த்து இரண்டு மடங்காய். வாயோரம் ரத்தம். கூண்டின் மேல் மூலையில் கம்பி வலை கடித்துப் பிய்க்கப்பட்டு வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. மிளகு அவளைப் பார்க்கவில்லை. அவள் கை நுழைந்திருந்த இடத்தைப் பார்த்தது. பிறகு ஒரே தாவலில் ஜன்னல் கம்பிக்கு நடுவே பாய்ந்து, மழைக்குள் போய்விட்டது.

மெட்டில்டாவின் பார்வை துவாரத்துக்குத் திரும்பியது.

அவள் கைக்குள் இருந்தது மெதுவாக விரிந்தது. ஒரு விரல். இன்னொன்று. எண்ண வேண்டியிருக்கவில்லை. ஐந்தும் அவளுடைய சுட்டுவிரலைச் சுற்றி மூடிக்கொண்டன, பிறந்த பிள்ளை பிடிப்பது போல, அத்தனை இறுக்கமாக.

கையை இழுத்தாள். வந்தது. தானாக வந்தது. பிடித்திருந்ததும் கூடவே வந்தது. முழங்கை வெளியே. மணிக்கட்டு வெளியே. தேயிலைப் பெட்டியின் பலகை கீறலிட்டுப் பிளந்தது. தடுப்பைத் தாண்டி மணல் சரிந்து அவள் மடியில் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது, அரை மூட்டையைவிட அதிகமாக. அந்த மணலுக்குள்ளிருந்து இன்னொரு சின்னக் கை நீண்டு, தூக்கச் சொல்லும் பிள்ளையின் கையாக, அவள் ரவிக்கையின் கையைப் பற்றியது.

துவாரம் அடைபட்டு, இருண்டு, பிறகு நிறைந்தது. முகம். அவள் குரல் வந்த திசையைத் தேடி அது நிமிர்ந்தது.

வாய் நிறைய மணல். அந்த வாய், சொல்லிப் பழகாத ஒரு சொல்லுக்காகத் திறந்தது.