சனிக்கிழமைக் கேள்விகள்

ஷெர்லின் யாரையும் கூப்பிட்டு நிறுத்துகிற பெண் இல்லை. பஸ்ஸில் மீதிச் சில்லறை வராவிட்டால்கூடப் பேசாமல் இறங்கிவிடுவாள். அன்றைக்கு மட்டும் கொட்டுகிற மழையில், செருப்பைக்கூட மறந்து, முன்பின் தெரியாத ஒருவன் பின்னால் ஓடினாள்.

"சார்... சார், நில்லுங்க!"

அவன் திரும்பினான். சட்டைப் பையை ஒரு கையால் பொத்தியிருந்தான். நெற்றியில் வழிந்த மழை இமையில் நின்று, பிறகு விழுந்தது. பெரிய கண்கள்.

"என்னங்க?"

"அதை... குடுத்துடுங்க."

"எதை?"

"பாக்கெட்ல வச்சிருக்கீங்களே..."

"ஓ, பிரசாதமா? எங்க அம்மாவுக்குங்க. கோயில்ல குடுத்ததை நான் மட்டும் முழுங்கிட்டுப் போனா வீட்ல திட்டு விழும்."

நடந்தது இதுதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவன் மழைக்குப் பக்கத்து மாதா கோயிலுக்குள் ஒதுங்கியிருக்கிறான். சனிக்கிழமை மாலைப் பூசை. எல்லாரும் எழுந்து வரிசையில் போக, அவனும் போனான். கையில் வெள்ளையாக, வட்டமாக, மெல்லியதாக ஒன்றை வைத்தார்கள். கைக்குட்டையில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். ஸ்ரீரங்கத்துக்காரன் வேறு என்ன செய்வான்?

"அது பிரசாதம் இல்லீங்க."

"பின்ன?"

ஷெர்லின் தரையைப் பார்த்தாள். மழைத்தண்ணீர் காலைச் சுற்றி ஓடியது.

"அது அப்பமா இருந்தது... பூசையில ஆண்டவரா ஆயிடுச்சு. நாங்க அப்படித்தான் நம்புறோம்."

சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. முகம் மாறியது. கைக்குட்டையை எடுத்து, இரண்டு கைகளாலும் ஏந்தி நீட்டினான்.

"தெரியாதுங்க... பாக்கெட்ல போட்டுட்டேனே. தப்பா எடுத்துக்காதீங்க."

அந்த இரண்டு கைகள்... அங்கேதான் அவள் விழுந்தாள்.

கைக்குட்டையிலிருந்த நற்கருணையைக் கோயிலின் பங்குத்தந்தை உட்கொண்டார். கைக்குட்டையைத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொன்னார். "தப்பு அவர் மேல இல்லம்மா. வெளிய ஆளில்லாதது நம்ம தப்பு. சனிக்கிழமைன்னா பாதிப் பேர் மத்த மதத்துக்காரங்கதான் வராங்க. அடுத்த வாரத்துலேருந்து வாசல்ல ஒரு மேசை போட்டு நீ உக்காரு. கேக்கறவங்களுக்குச் சொல்லு."

"நானா ஃபாதர்? எனக்குப் பேச வராதே..."

"உபதேசியார் மக. பி.எஸ்ஸி. வேற. உனக்கு வராம யாருக்கு வரும்?"

அடுத்த சனிக்கிழமை மேசைக்கு முதலில் வந்தவன் அவன்தான். கைக்குட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். நீட்டினாள். வாங்கிக்கொண்டான். போகவில்லை.

"என் பேர் மாதவன். அரியமங்கலத்துல ஒரு கம்பெனியில டிசைன் பாக்கறேன். கேள்வி கேக்கலாமா?"

"கேளுங்க..."

"மாதாவைக் கும்பிடறீங்களே. அவங்க உங்க தெய்வமா?"

"இல்லீங்க. மனுஷிதான். எங்களுக்காக மகன்கிட்டப் பேசச் சொல்லிக் கேக்கறோம்."

"அட! எங்க ஊர்லயும் முதல்ல தாயார்கிட்டதான் போவோம். அவங்க சொன்னாத்தான் பெருமாள் கேப்பாராம்."

"கிட்டக்க வருது... ஆனா ஒண்ணில்லீங்க. உங்க தாயார் தெய்வம். எங்க மாதா தெய்வம் இல்ல."

"விட்டே குடுக்கமாட்டீங்களா?"

"இல்லாததை இருக்குன்னு எப்படிங்க சொல்றது?"

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். பேச்சும் அப்படியே வந்துவிட்டது. சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

அவன் வாராவாரம் வந்தான். கேள்வியோடுதான் வருவான்.

"செத்தப்புறம் உத்தரிக்கிற ஸ்தலம்னு ஒண்ணு இருக்காமே. வெயிட்டிங் ஹாலா?"

"குளிக்கிற இடம்னு வச்சுக்குங்க. விருந்துக்குக் கூப்பிட்டுட்டாங்க... அழுக்கோட போகமுடியுமா?"

"தவக்காலத்து வெள்ளிக்கிழமை கறி சாப்பிடக் கூடாதாமே? நாங்க பொறந்ததுலேருந்து வெள்ளிக்கிழமைதாங்க!"

அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, பாவத்தை ஏன் ஃபாதர்கிட்டச் சொல்லணும்? சாமிகிட்ட நேரா சொன்னாப் போதாதா?"

"நேராவும் சொல்லலாம். ஆனா வாயத் திறந்து சொன்னாத்தான் நாம என்ன பண்ணோம்னு நமக்கே காதுல விழும். அப்புறம்... மன்னிச்சாச்சுன்னு ஆண்டவர் பேரால ஒரு குரல் சொல்லிக் கேக்கணும்."

"அவர் வெளிய சொல்லிட்டா?"

"உயிரே போனாலும் சொல்லமாட்டார்."

"அப்ப நீங்க போய் என்ன சொல்வீங்க? உங்களுக்குப் பாவமே இருக்காதே..."

இப்போதெல்லாம் பூசையில் அவள் பீடத்தைப் பார்ப்பதைவிட வாசலைப் பார்ப்பது அதிகம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மார்கழிப் பனியில் அவன் கேட்டான். "நான் உன்னைக் கல்யாணம் பண்ணிக்கிறேன் ஷெர்லின். என்ன பண்ணணும்? சொல்லு."

அவளுக்கு அழுகை வந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டில் சொன்னபோது அப்பா சவரிநாதன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். முப்பது வருஷமாக அந்தக் கோயிலில் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பவர். அவளுக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

"ஞானஸ்நானம் வாங்கட்டும். அப்புறம் பேசலாம்."

"அப்பா... பிஷப்கிட்ட அனுமதி வாங்கினா அவர் மாறாமலே கோயில்ல கல்யாணம்..."

"தெரியும்மா. உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். சட்டத்துல இடம் இருக்கு. என் வீட்ல இல்ல. ஊருக்கெல்லாம் வேதம் சொன்னவன் மருமகன் வாசல்ல நிக்கறதா?"

மாதவனிடம் சொல்ல அவளுக்கு இரண்டு வாரம் ஆனது. அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அவ்ளோதானே? வாங்கிட்டாப் போச்சு."

சந்தோஷம் வந்தது. கூடவே ஏதோ ஒன்று, செருப்புக்குள் சிறு கல் மாதிரி... அவள் அதைப் பார்க்காமல் நடந்தாள்.

அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பும் அவளிடமே வந்தது. ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் என்று முடிவானது. சின்ன வயதில் பாசுரம் மனப்பாடம் செய்து பழகியவன். விசுவாசப் பிரமாணத்தை ஒரு வாரத்தில் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தான். அப்பா முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. "ஆசீர்னு பேர் வைப்போம்" என்றார். கல்யாணத்துக்கு மண்டபம்கூட விசாரித்துவிட்டார்.

பங்குனி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதவன் அவளை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போனான். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது மெல்லச் சொன்னான்: "அம்மா எது சொன்னாலும் தலையாட்டிடு. என்ன?"

"ஏன்?"

"சும்மாதான்... அம்மா நிறையப் பேசுவா."

அம்மா மண்டபம் சாலையில் ஓர் அடுக்குமாடி வீடு. கதவைத் திறந்தவர் ரங்கநாயகி. மாதவனின் கண்கள் அவரிடமிருந்து வந்தவை என்று பார்த்ததும் தெரிந்தது.

"வாம்மா, வா. பவித்ரா... நன்னாருக்கோல்லியோ? நான்தான் பார்த்து வச்சேன் இந்தப் பேர். உக்காரு. தளிகை ஆயிடுத்து, சாப்டுட்டுத்தான் போகணும்."

ஷெர்லின் உட்கார்ந்தாள். பவித்ரா யார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ எங்களவாளா மாறிக்கறேன்னு மாதவன் சொன்னான். முதல்ல எனக்கு நம்பிக்கையே வரலை. உங்காத்துல அப்பாவும் சரின்னுட்டாராமே? பெரிய மனசும்மா அவருக்கு. பொண்ணு சந்தோஷம் போதும்னு விட்டுக் குடுத்துட்டார். நானா இருந்தா குடுத்திருக்கவே மாட்டேன்..."

சொல்லிக்கொண்டே அவர் கண்ணைத் துடைத்தார். ஷெர்லின் மாதவனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தலையாட்டவில்லை. மறுத்துப் பேசவும் வரவில்லை. பரிமாறியதைச் சாப்பிட்டாள். சாத்தமுது என்று ஊற்றிய ரசம் நாக்கில் எரிந்தது.

கீழே இறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் குரல் வந்தது.

"எங்க அப்பாகிட்ட நீங்க மாறப்போறீங்க. உங்க அம்மாகிட்ட நான் மாறப்போறேன். அப்படித்தானே?"

"கோவப்படாம கேளு. ரெண்டு பெரியவங்களும் சந்தோஷமா இருக்காங்க இல்ல? யாருக்கு என்ன நஷ்டம்? பாலத்துக்கு அந்தப் பக்கம் நான் ஆசீர். இந்தப் பக்கம் நீ பவித்ரா. நடுவுல காவிரி இருக்கு, பாத்துக்கும்."

"விளையாட்டாங்க இது?"

"விளையாட்டு இல்லடா. உனக்காகத்தான்..."

"ஈஸ்டர் அன்னிக்கு 'விசுவசிக்கிறீரா'ன்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?"

"'விசுவசிக்கிறேன்'னு சொல்வேன். நீதானே டீச்சர்."

"நான் கேக்கறேன். இப்ப... நிஜமா?"

நல்லவன்தான். அவளிடம் நேராகப் பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

"எனக்கு உன்னைத்தான் தெரியும் ஷெர்லின். வேற ஒண்ணும் தெரியாது."

வேறொரு நாளில் சொல்லியிருந்தால், அந்த வார்த்தைக்கு அவள் உயிரையே கொடுத்திருப்பாள். இன்றைக்கு அது கசந்தது.

"அப்ப மாறவே வேணாம். பிஷப்கிட்ட அனுமதி கேப்போம். நீங்க மாதவனாவே இருங்க, நான் ஷெர்லினாவே வரேன். பொறக்கற பிள்ளைங்களை எங்க விசுவாசத்துல வளக்க முடிஞ்சதைச் செய்வேன்னு நான் வாக்குக் குடுக்கணும். அதையும் இப்பவே உங்ககிட்டச் சொல்லிடறேன். அப்பாகிட்ட நான் பேசறேன். அவர் ஒத்துக்கலேன்னாலும் வருவேன். நீங்க மேல போய் அம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன்."

மாதவன் நிமிர்ந்து பார்த்தான். பால்கனியில் ரங்கநாயகி நின்றிருந்தார். மகனைப் பார்த்துக் கையசைத்தார். அவனும் அசைத்தான்.

"அம்மாவுக்கு பிரஷர் இருக்கு... கொஞ்சம் டைம் குடு. கல்யாணம் முடியட்டும். மெதுவா சொல்லிக்கலாம்."

அவள் தனியாகப் பஸ் ஏறினாள். பாலத்துக்குக் கீழே ஆற்றில் மணல்தான் இருந்தது.

மறுநாள் பங்குத்தந்தை கூப்பிட்டார். ஞானஸ்நானத்துக்கு முன் சொல்லிக்கொடுத்தவர் சாட்சி சொல்ல வேண்டும். அப்பாவும் உட்கார்ந்திருந்தார், புதுச் சட்டை போட்டுக்கொண்டு.

"என்னம்மா, தம்பி தயாரா?"

"எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியும் ஃபாதர்."

"அதை நான் கேக்கலியே. விசுவசிக்கிறாரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொன்னால் கல்யாணம். அவன் வீடு, அவன் கண்கள், அவன் கேள்விகள், எல்லாம் அவளுக்கு... சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல ஃபாதர்."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா சொன்னார். "ஆமான்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா..."

அவள் அப்பாவைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை மேசைக்கு முன்னால் மாதவன் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம். கண்கள் சிவந்திருந்தன.

"ஏன் இப்படிப் பண்ணினே? ஒரு வார்த்தைதானே... யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்கு என்மேல ஆசையே இல்ல. இருந்தா இப்படிக் கணக்குப் பாப்பியா?"

ஒரு அம்மாள் மல்லிகைச் சரத்தோடு குறுக்கே வந்தார். "ஏம்மா, நாங்க இந்துங்க. உள்ள போய் மெழுகுவத்தி ஏத்தலாமா?"

"ஏத்தலாம்மா. எல்லாரும் போகலாம்."

அந்த அம்மாள் போனார். ஷெர்லின் எழுந்து நின்றாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"ஆசை இருக்குங்க. நிறைய இருக்கு. வாசல்ல உங்களைப் பாத்துட்டா, பாதி ஜெபம் எனக்கு மறந்துபோயிடும். ராத்திரி படுத்தா உங்க குரல்தான். நான் உங்களைக் காதலிக்கிறேன். வாயத் திறந்து இதுவரைக்கும் சொன்னதே இல்ல... இப்ப சொல்றேன். மாதவனைத்தான் காதலிக்கிறேன். ஆசீரை எனக்குத் தெரியாது. மாதவனா எங்க அப்பா முன்னாடி வந்து நில்லுங்க. ஷெர்லின்னு உங்க அம்மாகிட்ட ஒரு தடவை சொல்லுங்க. யார் எதிர்த்தாலும் நான் உங்ககூட வரேன்."

அவன் உதடு அசைந்தது. ஏதோ சொல்ல வந்தான். அவள் காத்திருந்தாள்.

போன் அடித்தது. திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடியும் திரையைப் பார்த்தான்...

எடுத்தான்.

"சொல்லும்மா... இல்லம்மா, ஆபீஸ்லதான் இருக்கேன். இதோ, வந்துண்டே இருக்கேன்."

பேசிக்கொண்டே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.